பிளஸ் டூவில் 494, பயோ-மேத்ஸ் குரூப்: ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா, கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கலாமா?

மாதனூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மாதனூர் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் வேலை செய்கிறேன். காலையில் ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்துவிடும், திரும்ப இருட்டிவிடும். ஸ்கூலுக்குப் போய் டீச்சரைப் பார்க்க லீவு கிடைப்பதில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். டைப் அடிப்பது என் பொண்ணு. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நடுவில் அவளுக்குப் பிடிக்காததை விட்டாலும் விடுவாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். மார்க்: தமிழ் 92, இங்கிலீஷ் 71, கணக்கு 78, பிசிக்ஸ் 81, கெமிஸ்ட்ரி 84, பயாலஜி 88. மொத்தம் 494. எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அவள் அப்பா தோல் ஷாப்பில் டிரம் போடுகிறவர். குடியாத்தம் காலேஜில் ஏதாவது ஒரு பி.எஸ்சி. சேர்த்துவிடு, போய் வர வசதி, அப்புறம் குரூப் ஃபோர் எழுதட்டும் என்கிறார். பெங்களூரில் இருக்கும் என் தம்பி நர்சிங்தான் என்று பிடிவாதம். பொண்ணு கம்ப்யூட்டர் என்கிறாள். நேற்று பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து லேப் டெக்னீசியன் பற்றிச் சொன்னதும் அதையும் பிடித்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் தம்பிக்குத் தெரிந்த ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். கர்நாடகாவில் ஒரு காலேஜாம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். ஃபீஸ் ஸ்காலர்ஷிப்பில் கழியும், ஹாஸ்டலுக்கு மட்டும் கட்டினால் போதும் என்கிறார். இந்த வாரமே பத்தாயிரம் அட்வான்ஸும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொடுத்துவிட வேண்டுமாம். நாலு சீட்தான் பாக்கி இருக்கிறதாம். காலேஜ் பெயரைக் கேட்டால் இரண்டு தடவை இரண்டு பெயர் சொன்னார், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கொடுக்கலாமா? கவுன்சிலிங் என்று காத்திருந்து அங்கேயும் கிடைக்காமல் போனால்? இந்த மார்க்குக்கு வேறு என்னதான் வழி இருக்கிறது? தினமும் வீட்டிலிருந்து போய் வந்தால் எனக்கு நிம்மதி. ஹாஸ்டல் என்றாலும் செலவு இழுக்காமல் இருக்க வேண்டும். நான் உட்காரும் மிஷினில் அவள் வந்து உட்காரக் கூடாது. அது ஒன்றில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.


ஏலகிரி எக்ஸ்பிரஸ்:

அக்கா, யாருமே சொல்லாத ஒரு வழி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். வேலூர் தொரப்பாடி அரசு பாலிடெக்னிக்கில் நான் அப்படித்தான் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் டிப்ளமோ, அப்புறம் ராணிப்பேட்டை பெல் கம்பெனியில் அப்ரண்டிஸ். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பி.இ. படிக்கலாம், அதிலும் முதல் வருஷம் கிடையாது, இரண்டாம் வருஷத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். நான் இன்னும் படிக்கவில்லை, படிப்பேன்.

ஃபீஸ் குறைவு. பொண்ணுங்களும் படிக்கிறார்கள்.


பள்ளிகொண்டா பிரவுசிங் சென்டர்:

அக்கா, ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நான் பள்ளிகொண்டாவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். மே, ஜூன் வந்தால் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. குடியாத்தம், ஒடுகத்தூர், அணைக்கட்டு, உங்கள் மாதனூர் என்று சுற்றுவட்டப் பிள்ளைகளுக்கு அப்ளிகேஷன் போடுவது என் வேலை. எந்தக் காலேஜ் உசத்தி என்று சொல்ல நான் வாத்தியார் இல்லை. ஆனால் சீட் எந்த இடத்தில் கை நழுவுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

ஒரு பையன் கதை சொல்கிறேன். அவன் மாமா இதே மாதிரி ஒரு ஏஜென்ட்டிடம் மார்க் ஷீட், டி.சி. எல்லாம் கொடுத்துவிட்டார். பொறியியல் கவுன்சிலிங்குக்கு ஸ்கேன் பண்ணி ஏற்றினால் போதும் என்பதால் பையனும் என் கடையில் அப்ளை செய்தான், நல்ல காலேஜே அலாட் ஆனது. சேரப் போகும்போது ஒரிஜினல் வேண்டுமே! அந்த ஏஜென்ட் சேர்த்துவிட்ட காலேஜில் போய்க் கேட்டால், நாலு வருஷ ஃபீஸையும் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போ என்றார்கள். ஒரிஜினலைக் காலேஜ் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. உத்தரவைக் காட்டி, சண்டை போட்டு, சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வருவதற்குள் இங்கே சேரும் தேதி முடிந்துவிட்டது. சரிபார்க்க வேண்டும் என்றால் ஜெராக்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘நாலு சீட்தான் பாக்கி’ என்பதை நம்பாதீர்கள், அவர்களுக்கு ஆகஸ்டிலும் நாலு சீட்தான் பாக்கி இருக்கும்.

இப்போது உங்கள் பொண்ணு விஷயம். கவுன்சிலிங் என்று எல்லோரும் ஒன்றாகச் சொல்கிறார்கள், அது ஒன்று இல்லை. பொறியியலுக்கு ஒன்று. நர்சிங், லேப் போன்ற மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு வேறு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு வேறு. தனித்தனி வெப்சைட், தனித்தனி கடைசித் தேதி. ஒன்றில் போட்டால் இன்னொன்றில் போடக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூன்றிலும் போடுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, என் கடை கூலி உட்பட, அந்த ஆள் கேட்கும் அட்வான்ஸில் கால்வாசிகூட வராது.

உங்களிடம் பெரிய துருப்புச் சீட்டு ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவே இல்லை. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். 2021-லிருந்து பொறியியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாமே அரசு கட்டும். தனியார் காலேஜாக இருந்தாலும் கவுன்சிலிங் வழியாகப் போனால் இதுதான். ஏஜென்ட் ‘ஸ்காலர்ஷிப்பில் கழியும்’ என்று வாயால் சொல்வது இங்கே எழுத்தில் இருக்கிறது. ஸ்கூலில் ஏழு வருஷமும் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவு) சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நடுவில் ஒரு வருஷம் சொந்தக்காரர் வீட்டில் இருந்து வேறு ஸ்கூலில் படித்தது, அது தனியார் ஸ்கூல் என்று கடைசியில் தெரிந்து அழுதவர்கள் உண்டு.

கட்-ஆஃப் போட்டுப் பார்த்தேன். கணக்கு 78 அப்படியே வரும். பிசிக்ஸில் பாதி 40.5, கெமிஸ்ட்ரியில் பாதி 42. மொத்தம் இருநூறுக்கு 160.5. பொதுப் பட்டியலில் இது நடுவாந்திரம். 7.5-க்குத் தனிப் பட்டியல் என்பதால் அங்கே இதற்கு நல்ல மரியாதை.

சாய்ஸ் கொடுக்கும்போதுதான் வேடிக்கை. பாகாயத்தில் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரி 1990-லிருந்து இருக்கிறது, அதற்குத் தந்தை பெரியார் பெயர். தம்பி ஏலகிரி எக்ஸ்பிரஸ் சொன்ன தொரப்பாடி பாலிடெக்னிக்குக்கும் தந்தை பெரியார் பெயர்தான். ஒன்று பி.இ., ஒன்று டிப்ளமோ. பெரியார் காலேஜ் கிடைச்சிருக்கு என்று ஸ்வீட் பாக்ஸோடு கடைக்கு வந்தவர் பாலிடெக்னிக் அட்மிஷன் பேப்பரை நீட்டியிருக்கிறார். தனியார் காலேஜ்களில் இன்னும் மோசம், ஒரே டிரஸ்ட் ஒரே பெயரில் மூன்று நடத்துவார்கள். பெயரைப் பார்த்துப் போடாதீர்கள், காலேஜ் கோடு நம்பரைப் பார்த்துப் போடுங்கள். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதற்குத் தனிக் காசு கிடையாது. பத்தோடு நிறுத்திவிட்டு எதுவும் வரவில்லை என்கிறார்கள்.

தற்காலிக அலாட்மென்ட் வந்ததும் இரண்டு நாளுக்குள் உள்ளே போய் ஒப்புக்கொள்ள வேண்டும். பேசாமல் இருந்தால் சீட் போய்விடும். இதற்காகவே சொல்கிறேன், மொபைல் நம்பர் வீட்டு நம்பராகக் கொடுங்கள், பொண்ணு கையில் இருக்கும் நம்பராக இருக்கட்டும். சில கடைகளில் அவசரத்துக்குத் தங்கள் நம்பரையே போட்டுவிடுகிறார்கள், ஓ.டி.பி. அங்கே போகும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் முதலில் போடச் சொல்கிறார்கள். பாகாயத்தில் ஈ.சி.இ.யோ (எலெக்ட்ரானிக்ஸ்) ஈ.இ.இ.யோ (எலெக்ட்ரிகல்) கிடைக்கும் என்றால், எங்கோ ஒரு மூலையில் லேப்பே இல்லாத காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பதைவிட அது மேல் என்பேன். இதற்கு என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும். உங்களுக்குப் போய் வரும் தூரமும் இருக்கிறது. மாதனூரிலிருந்து வேலூர் பஸ் ஏறி, அங்கிருந்து பாகாயம். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும், ஆனால் முடியாத காரியம் இல்லை.

நர்சிங்கே பிடித்திருந்தால் அதையும் இங்கேயே பாருங்கள். நம் ஊர் கவுன்சிலிங்கில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூ மார்க்தான், பயாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. கணக்கு மார்க் இதில் சேராது, உங்கள் பொண்ணுக்கு அது நல்லதுதான். படித்து முடித்ததும் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ் வேலை. ஆகவே எந்தக் காலேஜாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, எழுத்தில் காட்டு. அந்த ஏஜென்ட்டிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், மூன்றாவதாக ஒரு காலேஜ் பெயர் வரும்.

கடைசிப் பிடிமானமாகக் குடியாத்தம் அரசு திருமகள் மில்ஸ் கல்லூரியையும், வேலூர் முத்துரங்கம் அரசுக் கல்லூரியையும் கலை அறிவியலில் போட்டு வையுங்கள். பொண்ணோட அப்பா சொல்வதும் தப்பில்லை. ஆனால் குரூப் ஃபோருக்குப் பத்தாவதே போதும், பதினெட்டு வயதானால் எழுதலாம், அதற்காக மட்டும் ஒரு டிகிரி தேவையில்லை. எதைப் படித்துக்கொண்டும் எழுதட்டும்.

எது படித்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் ஏறும். காலேஜ் வழியாகத்தான் பதிவு, பேங்க் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும்.


லேப் கோட்:

பிரவுசிங் சென்டர் அண்ணன் லேப் பக்கம் வரவே இல்லை, நான் சொல்கிறேன். வேலூரில் ஒரு தனியார் லேப்பில் வேலை செய்கிறேன். பி.எஸ்சி. எம்.எல்.டி. (மெடிக்கல் லேப் டெக்னாலஜி) படித்தேன்.

தங்கச்சி, இது வெள்ளை கோட் போட்டுக்கொண்டு மைக்ரோஸ்கோப் பார்க்கும் வேலை என்று நினைத்து வராதே. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். ஒருத்தருக்கு நரம்பே கிடைக்காது, குழந்தை அலறும், அதன் அம்மா உன்னைத் திட்டுவார். ட்யூபில் பெயர் மாறினால் தொலைந்தது. ஊதா மூடி ட்யூபில் எடுக்க வேண்டியதைச் சிவப்பு மூடியில் எடுத்தால் திரும்ப ஒருமுறை குத்த வேண்டும். காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்க வங்காளம், அசாமிலிருந்து வருகிறவர்கள்தான் எங்களுக்குப் பாதிப் பேர். நான் சுமாராக வங்காளம் பேசுவேன் இப்போது. சம்பளம் 12,000-ல் ஆரம்பித்தேன். மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆனால் வேலை இல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை, வேலூரில் அது நிச்சயம்.

கவனிக்க வேண்டியது இதுதான். பஸ் ஸ்டாண்ட் எதிரில், மாடியில், ‘பாராமெடிக்கல் இன்ஸ்டிட்யூட்’ என்று போர்டு வைத்து ஒரு வருஷத்தில் லேப் டெக்னீசியன் ஆக்குவதாகச் சொல்வார்கள். அங்கே படித்த ஒரு அக்கா என்னோடு வேலை செய்தார். என்னைவிட நன்றாக ரத்தம் எடுப்பார். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு விட்டபோது அவரால் விண்ணப்பிக்கவே முடியவில்லை, அந்தச் சான்றிதழ் செல்லாது. தமிழ்நாட்டில் டிகிரி என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறதா என்று பார். டிப்ளமோ என்றால் அரசு கவுன்சிலிங் வழியாக வா, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான்.

சி.எம்.சி.யிலும் (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) இந்தப் படிப்புகள் உண்டு. அதற்குத் தனி விண்ணப்பம், தனி நுழைவுத் தேர்வு. சீட் கம்மி, போட்டி அதிகம், ஆனால் எழுதிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. அங்கே படித்தவர் என்றால் எங்கள் லேப்பில் இன்டர்வியூவே பாதியாகக் குறைந்துவிடும்.


பேட்டர்ன் ரூம்:

ஆம்பூர்தான், நானும் ஷூ கம்பெனிதான். அக்காவுக்குக் கோபம் வரலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

லைனில் உட்காரக் கூடாது என்பது சரி. ஆனால் ஒரே கம்பெனியில் மாடியில் ஏ.சி. ரூமில் டிசைன் செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பாதிப் பேர் வெளியூர். சென்னை ஏ.சி. டெக்கில் (அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) பி.டெக். லெதர் டெக்னாலஜி இருக்கிறது, பொறியியல் கவுன்சிலிங்கிலேயே போடலாம். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், அங்கேயும் வகுப்பு நடக்கும். கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம், இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்புக் கல்லூரி. நான் கிண்டியில் டிப்ளமோ. பேட்டர்ன் வெட்டுவது இப்போது முழுக்கக் கம்ப்யூட்டரில்தான், பொண்ணுக்கு அதுதானே வேண்டும்?

நம் ஊர்ப் பிள்ளைகள் இதைத் திரும்பியே பார்ப்பதில்லை. அப்பா அம்மா கையில் பசை நாற்றத்தை முகர்ந்து வளர்ந்ததால் இருக்கலாம். தோல் ஷாப் வேண்டாம் என்று பிள்ளைகளை விரட்டுகிறோம், அவர்கள் விட்டுவிட்டுப் போன நாற்காலியில் வெளியூர்க்காரர் வந்து உட்கார்ந்து நமக்கே சூப்பர்வைசர் ஆகிறார். ஆர்டர் வராத மாசத்தில் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். மேலே இருப்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.


மாதனூர்க்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஏஜென்ட்டுக்கு போன் போட்டு கவுன்சில் அங்கீகாரம் பற்றிக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். காலேஜ் கட்டடத்தின் போட்டோ வந்தது, வாசலில் பஸ் நிற்கிறது. வேறு ஒன்றும் வரவில்லை. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. தம்பிக்கு என் மேல் கோபம்.

லெதர் பற்றிச் சொன்னவருக்கு: கோபமெல்லாம் இல்லை தம்பி. நீங்கள் சொல்கிற மாடி ரூமைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மனசு வரவில்லை. பொண்ணு மட்டும் ஏ.சி. டெக் என்று எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள்.

லேப் கோட் சொன்னதைப் படித்துவிட்டு அவள் சும்மா இருந்தாள். காலையில், நர்சிங் வேண்டாம், பி.இ.யும் லேப்பும் இரண்டும் போடலாம் என்கிறாள். அவள் அப்பா பாகாயம் என்றதும் ஒத்துக்கொண்டார், பெரியார் பெயர் என்பதால் பாதி.

பிரவுசிங் சென்டர் தம்பி, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா? எனக்கு அன்றுதான் லீவு. என்னென்ன எடுத்து வர வேண்டும்? முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஸ்கூலில் சொன்னார்களாம், அது 7.5 இருந்தாலும் வேண்டுமா?


பள்ளிகொண்டா பிரவுசிங் சென்டர்:

ஞாயிறு கடை உண்டு அக்கா. காலையிலேயே வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் சர்வர் நகராது.

முதல் பட்டதாரிச் சான்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 7.5-ல் விரும்பிய இடம் வராமல் பொதுப் பட்டியலில் சேர்ந்தால் ஃபீஸ் சலுகைக்கு அதுதான் கைகொடுக்கும். அதற்குத் தாத்தா பாட்டியிலிருந்து கூடப் பிறந்தவர்கள் வரைக்கும் யார் யார் எதுவரை படித்தார்கள் என்று எழுதித் தர வேண்டும். ஒரு வீட்டில் ஒருத்தருக்குத்தான் அந்தச் சலுகை, அவளுக்குத் தம்பி தங்கை இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. தாண்டி வர நாளாகும், அதனால் அப்ளிகேஷனுக்கு முன்னால் அதைத்தான் போடப்போகிறோம். உங்களுக்கு இப்போது ஆம்பூர் தாலுகா, திருப்பத்தூர் மாவட்டம். பழைய சாதிச் சான்றில் வேலூர் மாவட்டம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அப்ளிகேஷனில் மட்டும் இப்போதைய மாவட்டத்தைப் போடுவோம்.

எடுத்து வர வேண்டியது: பத்தாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இ-சேவைக்கான கேன் நம்பர் முன்பே எடுத்திருந்தால் அது. ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், மாறியிருந்தால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒரிஜினலை ஸ்கேன் பண்ணியதும் உங்கள் பையில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் டேபிளில்கூட விடாதீர்கள்.

பொண்ணையும் கூட்டி வாருங்கள். ஓ.டி.பி. அவள் போனுக்குத்தான் வரும். ஏ.சி. டெக் பற்றி அங்கே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், சாய்ஸ் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது.